ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு போர்டு

வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எரிந்தது. கொப்புளம் உடைந்த இடத்தில் சட்டைத்துணி ஒட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தோலைப் பிய்த்தது. சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினேன். கத்திரி வெயில் ஏறுவதற்குள் மெக்கானிக் அசீம் பாய் ஷெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வழியிலேயே கொதித்துவிடும்.

பக்கத்து சீட்டில் முதலாளி தினகரன். பேச வேண்டியதையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே பேசி முடித்துவிட்டார்.

ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. பகலில் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரைக் கொள்முதல் நிலையத்துக்கு இழுப்பேன். சாயங்காலம் அதே ஜீப்பில் ஜெனரேட்டர் வண்டியைக் கோயிலுக்கு இழுப்பேன். ஜீப்புக்கு இருபத்தாறு வயது. நாலு சக்கரமும் இழுக்கும், சேற்று வயலிலும் நிற்காது. பத்தொன்பது வருஷமாக என் கையில்தான் இருக்கிறது. காப்பு கட்டிய மறுநாளிலிருந்து அதற்குச் சூடு ஏற ஆரம்பித்தது. முள் சிவப்பைத் தொடும். நிறுத்துவேன், ஆறியதும் எடுப்பேன். நேற்று கோயில் வாசலிலேயே புகை விட்டது.

"தெறடா மூடிய. தண்ணி ஊத்தி எடு. சாமி பொறப்பட்ற நேரம்" என்றார் தினகரன்.

"கொதிக்குது மொதலாளி. கால் மணி ஆவட்டும்."

"தெறன்றேன்."

சாக்கை மடித்துப் போட்டுத் திறந்தேன். கொதிநீர் சாக்கையும் தாண்டிச் சீறி அடித்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, திருவிழா அறிவிப்புக்காக வைத்திருந்த மைக்கைக்கூட அணைக்காமல் அவர் சொன்னார்:

"குடிச்சிட்டு வண்டில தண்ணி பாக்காம ஓட்டிகினு வந்துகிறான். என் இன்ஜின கொன்னுட்டான் இவன்."

நாலு குழாய் ஒலிபெருக்கியிலும் அது போனது. மூன்று தெரு ஜனம் கேட்டது. என் மகள் இளவரசி மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டாள்.

நான் குடிப்பதை விட்டு பதினோரு வருஷம். அது இருக்கட்டும். தண்ணியே இல்லாத ரேடியேட்டரிலிருந்து என் கையை வேக வைத்தது எது? அத்தனை பேர் நின்றார்களே, ஒருத்தருக்காவது அதைக் கேட்கத் தோன்றியதா?

மோர் விற்கும் முனியம்மாள் மட்டும் வாயைத் திறந்தாள். "இன்னா கன்னியப்பா, வண்டிக்கு ஊத்த வேண்டியத உனுக்கே ஊத்திகினியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஷெட்டில் அசீம் பாய் முதலில் என் கையைத்தான் பார்த்தார். "இன்னா ணா இது? ஆசுபத்திரிக்கு போவாம இங்க வந்துகிற?"

"மொதல்ல வண்டிய பாரு பாய். இன்னா தப்புன்னு வாயத் தெறந்து சொல்லு. அப்பால போறேன்."

தினகரன் நாற்காலியை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தண்ணி இல்லாம ஓட்டிகிறான் பாய். ஹெட் கேஸ்கெட்டு போயிருக்கும். கழட்டி பாரு, எவ்ளோ செலவோ."

பாய் பானெட்டைத் தூக்கினார். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்தார். கருப்பாகத்தான் இருந்தது, கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்திருந்தால் மோர் நிறத்துக்கு மாறியிருக்கும். இன்ஜின் ஆறியதும் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ரேடியேட்டர் வாயில் கண்ணை வைத்து, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"முட்டை வர்ல. கேஸ்கெட்டு நல்லா கீது."

"அப்ப வால்வா இருக்கும்" என்றார் தினகரன்.

சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் அந்தச் சின்ன வால்வைப் பாய் கழற்றி, டீ போடும் குண்டானில் தண்ணீரோடு போட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதி வரும் முன்பே வால்வு வாயைத் திறந்தது. எடுத்துக் காட்டினார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார், தொய்வில்லை. வாட்டர் பம்ப்பில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

ஒவ்வொன்றாக நல்லது, நல்லது என்று வரவர தினகரன் முகம் சுருங்கியது. வண்டியில் கோளாறு இல்லையென்றால் டிரைவரிடம்தான் கோளாறு, அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. "சாயங்காலம் ஜெகன வரச் சொல்லிகிறேன். இனிமே அவன் ஓட்டட்டும்" என்றார், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

பாய் வால்வைத் திரும்பப் பூட்டி, இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டார். ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார். கீழ்க் குழாயைத் தொட்டார். அதையும் பிடிக்க முடியவில்லை.

"தண்ணி நல்லா சுத்துது. சுத்துற தண்ணி ஆற மாட்டேங்குது. ஆறணும்னா காத்து வேணும்."

பழைய தினத்தாளில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனார். அவர் எங்கே நிற்கப் போகிறார் என்று எனக்கு எட்டு நாளாகத் தெரியும்.

ஜீப்பின் முகத்தை மூடி நாலடித் தகர போர்டு ஒன்று இருந்தது. நடுவில் அம்மன் படம், கீழே கொட்டை எழுத்தில் 'எட்டாம் நாள் உபயம்: தினகரன் குடும்பத்தார்'. காப்பு கட்டிய அன்று கட்டுக்கம்பியால் இறுக்கி, மேலே மஞ்சள் கயிறும் சுற்றியிருந்தார்கள். அன்றைக்கே சொன்னேன், "காத்து போற வழிய அடைக்கிறீங்க மொதலாளி" என்று. "அம்மன் உனுக்கு அடைப்பா தெரியறாளா?" என்று கேட்டார். அதற்கு மேல் எவன் பேசுவான்?

பாய் தாளை போர்டின் மேல் வைத்துக் கையை எடுத்தார். தாள் விழுந்தது. போர்டுக்கு வெளியே ஓரமாகத் தெரிந்த இரண்டு விரல் இடத்தில் வைத்தார். தாள் பச்சக்கென்று உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது.

"பாத்துக்கோங்க. ஃபேன் இழுக்குது. இழுக்க காத்துதான் இல்ல. மூக்க பொத்திகினு மூட்டை தூக்கினா எவன் தாங்குவான்?"

தினகரன் எழுந்து வந்தார். தானே ஒருமுறை தாளை வைத்துப் பார்த்தார். விழுந்தது.

"கழட்ட முடியாது பாய். காப்பு கட்டிகீது. கொடி எறங்கற வரைக்கும் கை வைக்கக்கூடாது. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா?"

"ஏற்கெனவே ஆயிடுச்சே" என்று என் கையைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

பாய்க்கு இது புதிதல்ல. எங்கள் திருவிழாவும் தெரியும், எங்கள் பயமும் தெரியும். "நீங்க கழட்டவே வேணாம். கால்மாட்டுலயா அம்மன வைப்பாங்க? மேல ஏத்துங்க. கேரியர்ல நிக்க வெச்சா ஊருக்கே தெரியும்."

தினகரன் செருப்பைக் கழற்றினார். சூடம் வாங்கி வரச் செய்து ஏற்றினார். போர்டு மஞ்சள் கயிறோடு வண்டியின் தலைக்கு ஏறியது.

உச்சி வெயில். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே முந்தின நாள் நான் விட்டுவிட்டு வந்த டிரெய்லர் மூட்டைகளோடு அப்படியே நின்றது. மாட்டி, ஏரிக்கரைக்கு மேலே நின்ற வண்டி வரிசை வரைக்கும் இழுத்தேன். ஏரிக்கரை ஏற்றத்தில் முதல் கியர், முழு பாரம். என் கண் முள்ளை விட்டு நகரவில்லை. முள் பாதியில் நின்றது. மேலே போகவே இல்லை. வலியையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்து சீட்டிலிருந்த தினகரன் இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன்.

சொன்னார். "பாத்தியா கன்னியப்பா? அம்மன கீழ வெச்சது தப்புன்னுதான் அவ காட்டிகிறா. மேல ஏத்தினதும் எப்டி குளுந்துட்டா பாரு!"

வண்டியை அப்படியே ஓரங்கட்டினேன்.

"மொதலாளி, நான் தண்ணி பாக்காம ஓட்டினேனா?"

"அத விடுய்யா."

"குடிச்சிருந்தேனா?"

"கோவத்துல ஒரு வார்த்த வந்துட்ச்சி. அதையே புடிச்சிகினு கீறியே. ஜெகன வர வேணாம்னு சொல்லிட்றேன், போதுமா? இந்தா, கைக்கு மருந்து வாங்கிக்கோ." ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

"எனுக்கு இது வேணாம். மைக்குல சொன்னத மைக்குல திருப்பி சொல்லுங்க."

அவர் தாளை சீட்டின் மேல் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

சாயங்காலம் ஜெனரேட்டரை இழுத்து வந்து கோயில் வாசலில் நிறுத்தினேன். ஐநூறு ரூபாய் சீட்டில் அப்படியே கிடந்தது. தினகரன் மைக்கை எடுத்தார். நான் இறங்கி முன்னால் போய் நின்றேன். போர்டு மேலே ஏறிய கதையைச் சொன்னார், அம்மன் வண்டியைக் குளிர வைத்த அதிசயத்தைச் சொன்னார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் பேர் வரவில்லை. மைக்கை அணைத்தார். இன்றைக்கு மட்டும் ஞாபகமாக அணைத்தார்.

"இன்னிக்கு தெளிவா கீறியா கன்னியப்பா?" என்றாள் முனியம்மாள், மோரை நீட்டி.

நான் வாங்கவில்லை. தினகரன் எனக்குத் தர வேண்டியது ஒன்றுதான். 'கன்னியப்பன் குடிக்கவில்லை, தப்பு என்னுடையது' என்று அதே கோயில் வாசலில், அதே மைக்கில், என் மகள் காதில் விழும்படி ஒரு வார்த்தை. அது இன்னும் பாக்கி.