மூன்றாவது விசில்

ராஜாங்கம் பீடியை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. காரணம் நெஞ்சுவலி இல்லை. மூக்கு.

நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைக்கும் யார்டில் அவன் காவல். கோடையில் கரிமேடு யாரும் கொளுத்தாமலே உள்ளுக்குள் கனியும். புகை கண்ணுக்குத் தெரியும் முன்பே வாசனையில் பிடித்து விசில் ஊத வேண்டும். எழுபத்தெட்டாம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில் ஒரு மேடு பத்தடி தூரத்தில் கனிய, அவன் ஒன்றும் தெரியாமல் நின்றிருந்தான்.

“மூக்கைப் பீடிக்கு வாடகைக்கு விட்டுட்டீராவே?” என்றார் போர்மேன் மாடசாமி, திருநெல்வேலிக்காரர். “பர்மனென்ட் லிஸ்ட்ல ஒம்ம பேரு இருக்கு. ஜூன் ஒண்ணாந் தேதிக்குள்ள மூக்கு சரியாகலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஒன்பது வருஷமாகக் காண்டிராக்ட். அன்றைக்கே பீடிக்கட்டைச் சாக்கடையில் வீசினான்.

கேட் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினான். சைக்கிள் ஆஸ்பத்திரி ரோட்டில் சுற்றிப் போனது. சாப்பிட்டதும் கை பீடி தேடும். அந்த நேரத்துக்குக் குடத்தோடு குழாயடிக்குப் போனான். சட்டைப் பையில் பொட்டுக்கடலை. ஒரு வாரத்தில் குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று சண்டை பிடித்தான்.

“இத்தினி வருசமா இதே உப்புதான் போட்டுக்கினு இருக்கேன்,” என்றாள் மனைவி தனகோடி.

மூக்கும் திரும்பியது, கோளாறோடு. பன்னிரண்டாம் நாள் புகை வாசனை வந்தது. ஊதினான். ஆட்கள் ஓடி வந்து தோண்டினால், கரி ஜில்லென்று இருந்தது. பதினைந்தாம் நாளும் அதே கதை.

“கரியில ஒண்ணும் இல்ல மாமா. ஒன் மண்டதான் பொகையுது,” என்றான் கூட வேலை பார்க்கும் பாவாடை. “வெளிய போயி ஒரு பீடி இழு, சரியாப் பூடும்.”

மாடசாமி சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை சும்மா ஊதினீர்னா, பேரை அடிச்சிருவேன்.”

பத்தொன்பதாம் நாள், பதினொரு மணி வெயில். நான்காவது மேட்டருகே வந்தது வாசனை.

விசிலை வாயில் வைத்தான். ஊதவில்லை. ஊதி, கரி குளிர்ந்திருந்தால் வேலை போச்சு. ஊதாமல், அடியில் கனிந்திருந்தால் மேடு போச்சு, பக்கத்துக் கன்வேயர் பெல்ட்டும் போச்சு.

முந்தைய இரண்டு தடவையும் வாசனையோடு வாயில் எச்சில் ஊறியிருந்தது. விரல்கள் பீடி பிடிப்பதுபோலத் தாமாகச் சேர்ந்திருந்தன. அது பீடி ஆசை.

நாக்கைச் சுழற்றிப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. தொண்டை கமறியது. இழுக்கத் தோன்றவில்லை, ஓடத் தோன்றியது.

ஊதினான்.

மாடசாமி வந்து மோந்து பார்த்தார். “ஒண்ணும் வரலையே.”

“ஒங்களுக்கு வராதுங்க. நீங்க சிகரெட்டு குடிக்கிறவரு.”

பாவாடை சிரித்துக்கொண்டே மண்வெட்டியைப் போட்டான். ஒரு அடி. இரண்டு அடி. குளிர்ந்த கரிதான் வந்தது. மாடசாமி திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது அடியில் பாவாடை மண்வெட்டியை எறிந்துவிட்டுப் பின்னால் குதித்தான். குழிக்குள் சிவப்பாகக் கனன்றது.

தண்ணீர் அடித்து ஆவி அடங்க அரை மணி ஆனது.

“ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் வாரும், கையெழுத்துப் போடுதேன்,” என்றார் மாடசாமி. “ரூமுக்கு வெளியவே நில்லும். உள்ள ஒரே சிகரெட் புகை.”

“சரிங்க,” என்று ராஜாங்கம் ஐந்தாவது மேட்டுக்கு நடந்தான்.