முதுகுக்குப் பின்னால் ஒரு தோள்

தீயணைப்பு நிலையத்தில் அவரைத் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய குழாயின் முனையைப் பிடித்தால் அசையமாட்டார், அதனால் வந்த பெயர். ஆனால் அந்தப் பெருமையில் பாதி அவருடையதில்லை. தண்ணீரைக் குழாய் எவ்வளவு பலமாக முன்னால் தள்ளுகிறதோ, அவ்வளவு பலமாகத் தண்ணீரும் குழாயைப் பின்னால் தள்ளும். அதனால் முனை பிடிப்பவரின் முதுகுக்கு இன்னொருவர் தோளை முட்டுக்கொடுத்து நிற்பார். முன்னால் நிற்பவர் அந்தத் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

முட்டுக்கொடுத்த பழைய கூட்டாளி ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு மாற்றலாகி வந்தது யார் தெரியுமா? தூணுடைய தங்கை புருஷன். உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லை போலும்!

இந்த ஒல்லிப்பிச்சானைத் தங்கை தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட அன்று, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று கத்தியவர் தூண். அவளும் ரோஷக்காரி, முழிக்கவே இல்லை. அவளை நினைத்தால் இவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அதை வெளியில் சொல்வாரா? மாட்டார்.

முதல் நாள் பயிற்சியிலேயே வம்பு.

"மச்சான், என் மேல சாஞ்சுக்குங்க."

"எனக்கு நிக்கத் தெரியும். தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். தண்ணீரைத் திறந்தார்கள். தூண் சேற்றில் மல்லாந்தார். நிலையமே விழுந்து விழுந்து சிரித்தது. தூக்கிவிட நீண்ட ஒல்லிக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார், அத்தனை வீம்பு.

அடுத்த வாரம் ஒரு மெத்தைக் கிடங்கு பற்றிக்கொண்டது. மாடி ஜன்னலில் காவலாளி மாட்டிக்கொண்டிருந்தார். கீழே தீயை அடக்கிப் பிடித்தால்தான் அவரை ஏணியில் இறக்க முடியும். தூண் முனையைப் பிடித்தார். ஈரத் தரையில் கால் வழுக்கியது. இங்கே மல்லாந்தால் சிரிக்க ஒன்றுமில்லை.

"மாப்ள!" வாய் தன்னால் கூப்பிட்டுவிட்டது.

தோள் வந்து முதுகில் ஒட்டியது. தூண் சாய்ந்தார். சாயச்சாய அதுவும் அதே அளவுக்குத் தாங்கியது. பின்னால் அந்த ஒல்லி உடம்பு வெடவெடவென்று நடுங்குவது தெரிந்தது. நடுங்கியதே தவிர விலகவில்லை. காவலாளி பத்திரமாகத் தரைக்கு வந்தார்.

எல்லாம் அடங்கியபின் இருவரும் வண்டிப் படியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை சட்டையை விலக்கிப் பார்த்தார். தோள் கன்றிப்போயிருந்தது. தூண் அதை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பழைய நிலையத்துல நிம்மதியா வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தீங்களே, இங்க எதுக்கு வந்தீங்க?"

"நானா வந்தேன்? உங்க தங்கச்சிதான் அனுப்பினா. கூட்டாளி போயிட்டா எங்கண்ணன் வேற யாரையும் கூப்பிட மாட்டாரு, விழுந்துடுவாரு, நீங்க போய்ப் பின்னாடி நில்லுங்கன்னு ஒரே அழுகை."

தூண் ஈரக் கையுறையால் கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கரி அப்பிக்கொண்டது.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவர் அதை எடுத்து அப்படியே மச்சான் கையில் கொடுத்துவிட்டார்.

"என்னங்க, தீன்னு சொன்னாங்களே!" தங்கையின் குரல் பதறியது. "அண்ணன் விழலையே?"

"விழலம்மா" என்றார் தூண்.