வெறும் முனைகள்

மூன்றாவது முறை மணி அடித்தபோது வார்டு நர்ஸ் மிஸ்ஸி கமலா ஓடி வரவில்லை. நடந்து வந்தாள்.

சவரிராஜ் அதைக் கவனித்தான். காலையில் முதல் முறை அடித்தபோது அவள் கையிலிருந்த தட்டைப் பக்கத்துக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டாம் முறை வேகமாக வந்தாள். இப்போது நிதானமாக வந்து, படுத்திருந்த சூசைநாதனின் முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டிலருகே இருந்த, இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி மணியை நிறுத்தினாள். அதன் சின்னத் திரையில் பச்சைக் கோடு புழுவைப்போல் நெளிந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் அதுவாகவே அடங்கி, மேடும் பள்ளமுமாகப் பழையபடி ஓடத் தொடங்கியது.

“மெஷின் மறுபடியும் விளையாடுது லா, மிஸ்டர் ராஜ். உங்க டிபார்ட்மெண்டுதானே. பாருங்களேன்.”

சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு சீனக் கிழவருக்குத் தொண்டையில் சளி அடைத்திருந்தது.

சவரிராஜ் அந்த மருத்துவமனையில்தான் கருவிகளைப் பழுதுபார்க்கிறான். அதற்கு முன் ஒன்பது வருடம் செலேத்தார் விமானத் தளத்தில் ரேடியோப் பெட்டிகளோடு கிடந்தவன். வெள்ளைக்காரர்கள் தளத்தை விட்டு மூட்டை கட்டப்போகிறார்கள் என்றானதும் ஆட்குறைப்பில் வெளியே வந்து, சென்ற வருடம் இங்கே சேர்ந்தான். அண்ணன் சூசைநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாற்பத்தேழு வயது. முந்தாநாள் கிரேன் கூண்டிலிருந்து ஏணியில் இறங்கும்போது பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கியிருக்கிறார். இரண்டு பேர் ஏறித் தோளில் தூக்கி இறக்கினார்கள்.

கட்டிலின் மறுபக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி அல்போன்சம்மாள் எழுந்தாள். ஜெபமாலையைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

“தம்பி, நான் கோவில் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“மழை வரும்போல இருக்கே அண்ணி.”

“ஃபாதர் நாலு மணிக்கு மேல இருக்க மாட்டாரு.”

எதற்காக என்று அவள் சொல்லவில்லை. நோயாளிக்குக் கடைசி ஜெபம் சொல்லி எண்ணெய் பூச ஃபாதரை அழைத்து வரப்போகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார். வாசல்வரை போனவள் திரும்பி வந்து சவரிராஜின் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

“அந்த மிஸ்ஸி இப்ப நடந்துதான் வந்துச்சு. பாத்தீங்களா?”

“பாத்தேன் அண்ணி.”

அவள் போனபின் அண்ணன் பேசினார். “டேய் சவரி. அந்த மணி அடிக்கிறப்பல்லாம் நான் செத்துட்டேன்னு நெனச்சு கண்ண இறுக்கி மூடிக்கிறேன். அப்புறம் தொறந்து பாத்தா நீ நிக்கிற.”

“அது மெஷின் கோளாறுண்ணே. உங்களுக்கு ஒண்ணுமில்ல.”

“நெஜமாவே அடிச்சா அவங்களுக்கு எப்படிடா தெரியும்?”

சவரிராஜ் திரையைப் பார்த்தான். காலையிலிருந்து அவனும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான். இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும்போது திரையில் வருவதும் இதே நெளிவுதான் என்று கமலாவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்போது மூன்று நான்கு நிமிடத்துக்குள் எதையாவது செய்தாக வேண்டும். நடந்து வந்தால் போதாது.

அடுத்த கட்டிலில் உறிஞ்சு பம்ப் உறுமத் தொடங்கியது. அதே நொடியில் பச்சைக் கோடு நெளிந்தது. மணி அடித்தது. அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“மிஸ்ஸி, அந்தப் பம்ப நிறுத்துங்க!”

பம்ப் நின்றது. கோடு அடங்கியது.

“மறுபடி போடுங்க.”

மறுபடி நெளிந்தது.

பம்பின் மோட்டாரிலிருந்து தெறிக்கும் பொறிகள் மின்கம்பி வழியாக இயந்திரத்துக்குள் வருகின்றன. அது தெரிந்துவிட்டது. ஆனால் பம்ப் இந்த வார்டில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இயந்திரம் வந்தும் ஒன்றரை வருடம் ஆகிறது.

“எப்ப இருந்து மிஸ்ஸி இப்படி?”

கமலா யோசித்தாள். “ரெண்டு மாசம் இருக்கும். நீங்க ஒருதரம் எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்தீங்களே, அதுக்கப்புறம்தான்.”

சவரிராஜ் மணியை அணைத்தான். கருவிப்பெட்டியை எடுத்து, இயந்திரத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். கழற்றும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு. அது செருகி நிற்கும் கனெக்டரின் பித்தளை முனைகள் இரண்டு மாதத்துக்கு முன் இந்த ஊர் ஈரத்தில் பச்சை பூத்துப்போயிருந்தன. அதே மாதிரிக் கனெக்டர் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அவன் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையொன்றில் வேறொன்றைத் தேடிப்பிடித்தான். பழையதில் இருபத்திரண்டு முனைகள். இதில் பதினெட்டு. பழையதில் ஐந்து முனைகள் வேறெங்கும் போகாமல் எர்த்துக்கே போயின. ஒரே இடத்துக்கு ஐந்து எதற்கு, ஒன்று போதும், மற்றவை வெறும் முனைகள் என்று நான்கை விட்டுவிட்டான். ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்துப் பார்த்தான். கோடு அழகாக ஓடியது. அங்கே பம்ப் இல்லை.

இப்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது அந்த நான்கும் எதற்கு இருந்தன என்று விளங்கியது. இதயத்திலிருந்து வரும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கொண்டுவரும் முனைக்கு இரு பக்கமும் காவலுக்கு நிற்பதுபோல அந்த எர்த் முனைகள் நின்றிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் முனையைக் கொண்டுபோய் இதய முனையை ஒட்டியே வைத்திருந்தான். விமானத்து ரேடியோவில் இப்படி ஒருபோதும் செய்திருக்க மாட்டான். இங்கே அவசரம்.

“மிஸ்ஸி, ஒரு நிமிஷம்.”

கமலா வந்தாள்.

“இது என் தப்பு. கனெக்டர மாத்தினப்ப நாலு எர்த்த விட்டுட்டேன்.”

அவள் புரியாமல் அவனைப் பார்த்தாள். பிறகு புரிந்தது. பார்வை கட்டிலுக்குப் போயிற்று. அண்ணனைத் தாண்டி, அதற்கு முன் அந்தக் கட்டிலில் யார் யாரோ கிடந்ததைப் பார்ப்பது போலிருந்தது.

“ரெண்டு மாசத்துல இந்தக் கட்டில்ல…” என்று அவன் தொடங்கினான்.

“இப்ப அதப் பேசாதீங்க.” அவள் குரல் தாழ்ந்திருந்தது. “இத சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“இருபது நிமிஷம். ஆனா கழட்டணும்.”

“வேற மெஷின் இல்ல. பதினஞ்சு நிமிஷம் தரேன். நான் கைய விடாம பல்ஸப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.” முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இது ஒண்ணுதானா?”

“நாலாவது மாடியில இன்னொண்ணு. அதே வாரம்தான் செஞ்சேன்.”

“அங்க ஒரு கம்ப்ளெயிண்டும் வரலையே.”

“அங்க பக்கத்துல பம்ப் இல்ல.”

“கொண்டாந்து வெச்சா?”

அவன் ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடேற்றினான்.

அவசரத்தில் முதல் ஈயத்துளி தவறி விழுந்தது. மின்சாரம் வரும் கம்பியைப் பிரித்து வரிசையின் கடைசி முனைக்கு மாற்றினான். இயந்திரத்தின் முகப்பு விளக்குகளுக்குப் போன கம்பிகளை ஒன்றாக்கி முனைகளைக் காலி செய்தான். காலியான நான்கையும் எர்த்தோடு பற்றவைத்தான். கனெக்டரைச் சுற்றி மெல்லிய செம்புத் தகட்டை மடித்து, அதன் நுனியை இரும்புச் சட்டத்தோடு இணைத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து கமலாவின் முகத்தைப் பார்த்தான். அவள் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாலாவது நிமிடம் திரை ஒளிர்ந்தது. கமலா எழுந்துபோய்ப் பம்பைப் போட்டாள். அது உறுமியது. பச்சைக் கோடு அசைந்துகொடுக்கவில்லை. மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.

“ஓகே லா,” என்றாள். சிரிக்கவில்லை.

சவரிராஜ் கருவிப்பெட்டியை மூடினான். நாலாவது மாடிக்குப் போக வேண்டும். அண்ணன் அவன் சட்டைக்கையைப் பிடித்தார்.

“சரியாயிடுச்சாடா?”

“ஆயிடுச்சுண்ணே.”

“அப்ப இனிமே அடிச்சா நெஜந்தான்.”

“அடிக்காதுண்ணே.”

“போயிடாத. கொஞ்ச நேரம் இரு.”

எண்பது அடி உயரத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வேலை செய்கிற மனிதர். யாரிடமும் இரு என்று கேட்டதில்லை. அரை மணி நேரம்தானே என்று சவரிராஜ் முக்காலியில் உட்கார்ந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அண்ணி குடை எடுத்துக்கொண்டு போனாளா என்று அண்ணன் கேட்டார். போனாள் என்றான்.  அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலையில் கோடு கொஞ்சம் கோணினால் இயந்திரத்தின்மேல் பழி போட முடிந்தது. இப்போது அது வரைவதெல்லாம் அண்ணன். இரண்டு துடிப்புக்கு நடுவே ஓர் இடைவெளி நீண்டது. சரியாயிற்று. மறுபடி நீண்டது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மணி அடித்தது.

கோடு நெளிந்தது. சவரிராஜ் திரும்பிப் பம்பைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டினான். பம்ப் அணைந்திருந்தது. அதன் ரப்பர் குழாய் கொக்கியில் தொங்கியது.

வார்டின் மறுகோடியில் கமலா தலையைத் தூக்கினாள். அவள் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

“மெஷின் இல்ல மிஸ்ஸி!” அவன் குரல் உடைந்தது. “மெஷின் இல்ல!”

அவள் ஓடி வந்தாள். இன்னொரு மிஸ்ஸி ஓடி வந்தாள். டாக்டர் படியேறி ஓடி வந்தார். அவனை ஒதுக்கித் தள்ளித் திரைத்துணியை இழுத்தார்கள். துணிக்கு அப்பால் கட்டில் குலுங்கியது. நெஞ்சுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒருமுறை சொடுக்கியது, பிறகு இன்னொரு முறை, வெகுநேரம் கழித்து இன்னொரு முறை. அவன் கருவிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். டாக்டர் ஆங்கிலத்தில் மணி என்ன என்று கேட்டதும், கமலா நாலு முப்பத்தைந்து என்று சொன்னதும் கேட்டன.

அண்ணி வந்தபோது சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. பின்னால் ஃபாதர் வந்தார். வாசலிலேயே அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அழவில்லை. ஃபாதரை உள்ளே போகவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்திருந்த சவரிராஜின் முன்னால் வந்து நின்றாள்.

“மணி அடிச்சுச்சா?”

“அடிச்சுச்சு அண்ணி.”

“ஓடி வந்தாங்களா?”

“ஓடி வந்தாங்க.”

அவள் தலையாட்டினாள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

உள்ளே ஃபாதரின் குரல் தாழ்ந்து ஒலித்தது. கமலா வந்து சவரிராஜின் பக்கத்தில் நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. “நீங்க வீட்டுக்குப் போங்க. நாலாவது மாடிய நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்கு உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

உண்மைதான். யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்கும் கேட்க மாட்டார்கள். அடக்கத்துக்கு மூன்று நாள் விடுப்புக் கிடைக்கும். அதற்குள் யாராவது நாலாவது மாடி இயந்திரத்தின் பக்கத்துக்குப் பம்ப் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகலாம். போகாமலும் இருக்கலாம்.

“அண்ணி, நான் மேல போகணும். கால் மணி நேரம்.”

அவள் முக்காட்டை விலக்கி அவனைப் பார்த்தாள். “இப்பவா?”

“நான் செஞ்ச வேலை ஒண்ணு தப்பா கெடக்கு.”

அவள் கருவிப்பெட்டியைப் பார்த்தாள். கமலாவைப் பார்த்தாள். கமலா தரையைப் பார்த்தாள். அண்ணி கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள்.

“போங்க தம்பி. நான் அவர்கூட இருக்கேன்.”

அவன் படியேறிப் போனான்.

நாலாவது மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் அந்த இன்னொரு இயந்திரம் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் பக்கத்தில் நின்றது. அவருடைய மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் அட்டையில் உறவினர் என்ற இடத்தில் ஹலீமா என்று எழுதியிருந்தது. வார்டில் ஒரே ஒரு சீன மிஸ்ஸிதான் இருந்தாள். அவளிடம் தான் செய்த தவறைச் சொன்னான். சொல்லும்போது ஆங்கிலம் தடுமாறியது. அவள் முகம் மாறியது. தானே பல்ஸைப் பிடிக்க வேண்டும் என்றாள். ஆனால் எதிர்க்கட்டிலில் ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, அதை விட்டு வர முடியாது. கடைசியில் ஹலீமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெரியவரின் மணிக்கட்டில் அவள் இரண்டு விரல்களை வைத்து அழுத்திக் காட்டினாள். எதிர்க்கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

“இயந்திரம் கெட்டுப்போச்சா?” என்று ஹலீமா மலாயில் கேட்டாள். பயத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது.

“நான் கெடுத்துட்டேன் அம்மா. இப்ப சரி பண்றேன். விரலுக்குக் கீழ துடிக்குதா? ஒவ்வொண்ணா எண்ணுங்க. எனக்குக் கேக்கற மாதிரி எண்ணுங்க.”

அவன் இயந்திரத்தை அணைத்தான். பச்சைக் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

“சாத்து,” என்று மலாயில் எண்ணத் தொடங்கினாள் ஹலீமா. “டுவா. தீகா.”

அவன் தரையில் மண்டியிட்டுத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினான். பற்றவைக்கும் கோல் சூடேறும்வரை காத்திருந்தான். அவள் நூறைத் தாண்டினாள். பிறகு இருநூறு. நடுவில் ஒருமுறை அவள் தயங்கியபோது அவன் கையும் நின்றது. அவள் விரலைச் சற்று நகர்த்தி வைத்து மறுபடி எண்ணத் தொடங்கினாள். அவன் குனிந்து அடுத்த முனைக்கு ஈயம் வைத்தான்.