கேமராவில் கோளாறு இல்லை

என் அண்ணனுக்குக் கோபம் வராத ஒரே இடம், கேமராவைத் துடைக்கிற மேசை. அங்கே உட்கார்ந்துவிட்டால் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவன் மாதிரி ஆகிவிடுவான். மற்ற நேரமெல்லாம் வாயைத் திறந்தால் அதட்டல்தான். "லென்ஸைக் கழட்டும்போது கேமரா வாயைக் கீழ பாத்த மாதிரி பிடி, இல்லேன்னா தூசி உள்ள விழும்." "வாயால ஊதாதே, எச்சில் தெறிக்கும். ரப்பர் பந்து எதுக்கு வச்சிருக்கு, விளையாடவா?" "சேலை நுனியால துடைச்சே, கையை ஒடிச்சிடுவேன்." நாங்கள் இருவரும் சேர்ந்து ஸ்டுடியோ வைத்த நாளிலிருந்து இதே பாட்டு. எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவனுக்கு நான் இன்னும் 'வாலு'தான்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல கேமரா. கல்லூரி, அலுவலகம், கல்யாணம் என்று வெளிவேலைக்கு அவன் தூக்கிக்கொண்டு போவான். திரும்பி வந்ததும் பாஸ்போர்ட் படம், குழந்தைப் படம் எல்லாம் ஸ்டுடியோவில் நான் எடுப்பேன். கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அவரவர் பார்வைக்குத் தக்கபடி அதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எடுக்கிற படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேமரா கைமாறும்போதெல்லாம் அவன் ஒரு பக்கம் திருப்புவான், நான் மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஒரே கண்ணாடியில் தலை சீவுகிறவர்கள் அதைச் சாய்த்து நிமிர்த்திக்கொள்வதைப் பற்றிப் பேசுவார்களா?

கொஞ்ச காலமாக நான் அந்தச் சக்கரத்தை அதிகமாகத் திருப்ப வேண்டியிருந்தது. முதலில் விரல் நுனியால் லேசாகத் தட்டினால் போதும். பிறகு நகத்தால் உருட்ட வேண்டியதாயிற்று. ஒருநாள் பார்த்தால், சக்கரம் அவன் பக்கத்துக் கடைசிவரை போய், இனி திரும்ப இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. பையில் உரசித் தானாகச் சுற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருப்பதைத்தானே முதலில் நினைப்போம்.

அந்த வாரம் ஓர் அலுவலகத்தில் பணிநிறைவு விழா எடுத்துவிட்டு வந்தான். படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஓய்வு பெறுகிற பெரியவர் முகம் மசமச என்று இருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் மட்டும் அத்தனை துல்லியம்.

"கேமரா மக்கர் பண்ணுது வாலு," என்றான். "தானா ஃபோகஸ் பண்ண விட்டா எல்லாம் மங்கலாத் தெரியுது. அதான் கையால திருப்பிச் சரி பண்ணினேன். அப்பவும் இப்படி."

கேமராவை வாங்கி மேசையில் இருந்த பூந்தொட்டியைப் பார்த்தேன். சக்கரத்தை என் பக்கம் கொண்டுவந்தேன். இலையின் நரம்புகூடத் தெரிந்தது. தானியங்கி ஃபோகஸில் ஒரு படம் எடுத்தேன், அதுவும் பளிச்சென்று வந்தது. கேமரா சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இவன்தான் அதை நம்பாமல் கையை வைத்துக் கெடுத்திருக்கிறான். கோளாறு அவன் வலது கண்ணில்தான். அவனிடம் சொல்லாமல் கேமராவைப் பையில் வைத்து மூடினேன்.

இதில் ஒரு நியாயம் உண்டு. அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண், கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். வண்டி ஓட்டுவான், பேப்பர் படிப்பான், என் சமையலில் கிடக்கிற முடியைக்கூடக் கண்டுபிடிப்பான். இடது கண்ணை மூடி வலது கண்ணால் மட்டும் அவன் உலகத்தைப் பார்ப்பது கேமராவுக்குள்தான். மங்கல் அங்கே மட்டும் தெரிந்தால், அது கேமராவின் மங்கல் என்றுதானே நினைப்பான்? படம் எடுப்பவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். டீயை ஊத்தச் சொன்னா டம்ளருக்குப் பக்கத்துல ஊத்தறார். கேட்டா, டம்ளர் சரியில்லைங்கறார்."

"அப்போ சொல்லலாம்ல அண்ணி?"

"நான் சொன்னா சண்டை. நீ சொல்லு, நீ செல்லத் தங்கச்சி."

பூனைக்கு மணி கட்டுகிற வேலை இப்படித்தான் என் தலையில் விழுந்தது. மற்ற நேரமாயிருந்தால் நானும் தள்ளிப் போட்டிருப்பேன். ஆனால் அடுத்த வாரம் பாப்பாவுக்குக் கல்யாணம். பாப்பா அண்ணனின் ஒரே மகள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு வீட்டு மனிதர்களோடு ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் கல்யாணமே. படம் எடுக்கிறவன் பெண்ணின் அப்பா. "என் பொண்ணு கல்யாணத்துல வேற எவனாவது கேமராவைத் தூக்கினான், நான் சாப்பாட்டுக்கே வரமாட்டேன்," என்று அவள் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறவன். கையெழுத்து ஒரு தடவைதான் போடுவார்கள். அதை மசமச என்று எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு தன் கண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டால், அண்ணன் தன்னை மன்னிக்கவே மாட்டான்.

இதற்கு நடுவே கேமராவை சர்வீஸுக்கு அனுப்பினான். 'கோளாறு ஏதும் இல்லை' என்று சீட்டு ஒட்டி இரண்டே நாளில் திருப்பி அனுப்பினார்கள். அங்கே இருந்தவனை ஃபோனில் கூப்பிட்டு, பிறந்ததிலிருந்து அவன் உருப்படியாக எதைச் செய்தான் என்று கேட்டான் அண்ணன். பிறகு தானே வைத்தியத்தில் இறங்கினான். லென்ஸின் முன்பக்கம், பின்பக்கம், லென்ஸ் மாட்டுகிற இடத்துப் பித்தளை எல்லாவற்றையும் துடைத்தான். ரப்பர் பந்தால் ஊதினான், பிரஷ்ஷால் தட்டினான், திரும்பவும் கண்ணில் வைத்துப் பார்த்தான். அந்தக் கேமரா அத்தனை சுத்தமாக வாங்கின அன்றுகூட இருந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், மேசையில் லென்ஸ் தனியாகக் கிடக்கிறது. கையில் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு கேமராவின் திறந்த வாய்க்குள் குனிந்திருந்தான். உள்ளே கண்ணாடிக்கு மேலே ஒரு மெல்லிய தகடு இருக்கும், நாம் பார்க்கிற உருவம் அதில்தான் விழும். பட்டுத்துணி பட்டாலும் கீறல் விழுந்துவிடும். மூச்சுக்கூட விடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே இவன்தான்.

"அதை வை அண்ணா!"

"உள்ள மங்கலா இருக்கு வாலு. துடைச்சாத்தான் போகும்."

"மங்கல் அங்க இல்லை."

"நீ என்னத்தைக் கண்டே? எனக்குத் தெரியுது."

"எனக்குத் தெரியலையே! நேத்து பூரா இதுலதானே பாத்தேன்? பளிங்கு மாதிரி இருக்கு."

குச்சியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவன் எழுந்துவிட்டான். மீசை துடித்தது. நானும் பின்வாங்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே.

"இடது கண்ணைக் கையால மூடு," என்றேன். "அந்தச் சுவத்துல இருக்கிற காலண்டரைப் படி."

"பைத்தியமா உனக்கு?"

"படி. சரியாப் படிச்சிட்டா நான் இனிமே வாயே திறக்கலை."

அந்த ஆசையில்தான் கையைத் தூக்கியிருப்பான். உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, என்னைக் கிண்டல் பண்ணத் தயாராகச் சிரித்தபடி சுவரைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் இருந்தது. கையை எடுத்தான். திரும்ப மூடினான்.

"லைட்டைப் போடு," என்றான்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவன் உட்கார்ந்துவிட்டான். கத்துவான் என்று பயந்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. லென்ஸை எடுத்துக் கேமராவில் பொருத்தி, அது மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்கும்வரை மெல்லத் திருப்பினான்.

"அப்போ இது நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணா."

"பாவம், இதைப் போய்த் திட்டினேனே," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தன் கண் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டிய நேரத்தில் கேமராவுக்குப் பரிந்து பேசுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், பார்வை திரும்பிவிடும் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆபரேஷனைக் கல்யாணம் முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. திரும்பி வந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் நின்றான்.

"பாப்பா கல்யாணம் நீ எடு."

"தானியங்கியில போட்டு நீயே எடு அண்ணா. ஃபோகஸை அது பாத்துக்கும். இல்லேன்னா இடது கண்ணால பாரு."

"நேத்தே பாத்துட்டேன். மூக்கு போய்த் திரையில முட்டுது, கண்ணு எங்க இருக்கு, கை எங்க இருக்குன்னே தெரியலை. ஃபோகஸ் கேமரா பாத்துக்கும் வாலு, எப்ப அமுக்கணும்னு முகம்தானே சொல்லணும்? கேமராவுக்குள்ள எனக்கு அவ முகம் தெரியலை." குனிந்து செருப்பைக் கழற்றினான். "நீ எடு."

அன்று மாலை பேட்டரிகளைச் சார்ஜ் போட்டான். மெமரி கார்டைக் காலி செய்தான். லென்ஸை ஊதித் துடைத்து மூடியைப் போட்டான். கேமராவை என் கையில் கொடுக்கும்போது வாரை என் கழுத்தில் அவனே மாட்டிவிட்டான், எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்று.

பதிவு அலுவலகத்து அறை குறுகலானது. ஒரு மேசை, இரும்பு அலமாரி, ஒரே ஒரு ஜன்னல். "பொண்ணோட அப்பா பக்கத்துல வந்து நில்லுங்க," என்றார் அதிகாரி. அண்ணன் போய் நின்றான். எங்கே நிற்பது, எப்படி நிற்பது ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு. கையை முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான், பாக்கெட்டுக்குள் விட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் குடும்பப் படம் ஒன்றில்கூட அவன் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவன் அவன்தானே, எப்படி இருப்பான்?

நின்ற இடத்திலிருந்தே ஆரம்பித்தான். "வாலு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நில்லு." "ஃபோகஸை அவ கண்ணுல வை, மூக்குல வைக்காதே." "மாப்பிள்ளை, தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம்... வாலு, பாத்தியா அதை?" அதிகாரியே சிரித்துவிட்டார். நான் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் பெண்ணின் அப்பா வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார். "அப்பா, ப்ளீஸ்!" என்று கெஞ்சினாள் பாப்பா.

பிறகு அவள் பேனாவைக் காகிதத்தில் வைத்தாள். அண்ணன் பேச்சு நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சொல்லும், அப்போது அமுக்கு என்று சொன்னானே, சொல்லிவிட்டது. நான் அமுக்கினேன்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து, டாக்டர் அனுமதி கொடுத்தபின் அண்ணியோடு ஸ்டுடியோவுக்கு வந்தான். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். பாப்பாதான் அதைத் தேர்ந்தெடுத்தாள். அவன் கிட்டே போய், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை நிதானமாகப் பார்த்தான்.

"ஃபோகஸ் தப்பு," என்றான். "பாப்பா கொஞ்சம் மங்கலா இருக்கா. ஃபோகஸ் பின்னால எம்மேல போயிருக்கு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அவ கண்ணுல வைன்னு."

"தப்பா போகலை அண்ணா. நான் உம்மேலதான் வச்சேன்."

அவன் படத்தைவிட்டுத் திரும்பவில்லை. கை மட்டும் மெல்லக் கண்ணுக்குப் போனது.

"கண்ணைத் தேய்க்காதீங்க, டாக்டர் சொன்னது மறந்து போச்சா?" என்று அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பிடிக்கவிட்டான்.