நாற்பத்து மூன்றாம் எண் வீட்டில் மான்செஸ்டர் மழை

ஐவி டிராண்டர் செத்து மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கோட்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பர்மிங்ஹாமில் அன்று நல்ல வெயில். பிப்ரவரியில் அப்படி வெயில் அடித்தால் நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வந்தது ஓடிவிடும் என்று. அவள் கணவன் நார்மன் அடுப்பிலிருந்து எடுத்த மாட்டிறைச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான். ஐவி கோட்டைக் கொக்கியில் மாட்டினாள், தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், “ஜனத்தொகை பெருசா இருந்தா ஊரு பெருசுன்னு அர்த்தமில்ல” என்றாள். ஆஸ்பத்திரியில் நார்மன் கடைசியாக எடுத்துவைத்த வாதத்துக்கு அது பதில். அங்கே விரலைத் தூக்கி வாயைத் திறந்தவள், சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மான்செஸ்டர்க்காரி அவள். கடைசி வார்த்தையை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் குழிக்குள் சும்மா கிடப்பாள் என்று நாங்கள் நினைத்ததுதான் தப்பு.

வாதம் வேறொன்றுமில்லை. லண்டனுக்கு அடுத்தபடியாக இந்த நாட்டின் இரண்டாவது நகரம் எது, பர்மிங்ஹாமா மான்செஸ்டரா? ரில் என்ற கடற்கரை ஊரின் நடன மண்டபத்தில் சந்தித்த அன்றே இரண்டு பேரும் இதைத் தொடங்கிவிட்டார்கள். சண்டை பாதியில் நின்றதால் மறுநாளும் சந்தித்தார்கள். அதுவும் முடியாததால் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் இல்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி முதல் நான்கு மணி வரை இந்த வழக்கு நடக்கும். லண்டனில் ஒருவருக்கும் இப்படி ஒரு போட்டி நடப்பது தெரியாது என்பது எங்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

“வெனிஸைவிட எங்க ஊருல கால்வாய் அதிகம்” என்பான் நார்மன்.

“நீளம் இருந்து என்னய்யா? எங்க கால்வாயில கப்பலே வந்துச்சு. உங்களுதுல வாத்துதான் வருது.”

“நீங்க நெய்ஞ்ச துணிக்குப் பட்டன் எங்கிருந்து வந்துச்சு? எங்க ஊரு பட்டன் இல்லாட்டி உங்க ஊருல அத்தனை பேரும் சட்டையக் கையால பிடிச்சிட்டுதான் நடந்திருக்கணும்.”

“இந்தியாவுல ஒரு ஊரையே எங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்களாம். உங்க பேரச் சொல்லி எந்த ஊரக் கூப்பிட்டாங்க, சொல்லு பாப்போம்!”

தெருக்கோடியில் குடியிருந்த கோயம்புத்தூர்க்காரனான என்னை இதற்குச் சாட்சிக்கு அழைத்தார்கள். அப்படித்தான் சொல்வார்கள் என்று உண்மையைச் சொன்னேன். நார்மன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

செத்த பிறகும் ஞாயிறுதோறும் ஐவி வந்திருக்கும் மூன்று மணி நேரமும் நாற்பத்து மூன்றாம் எண் வீட்டுக் கூரைமேல் மட்டும் மான்செஸ்டர் மழை தூறும். ஒட்டியிருக்கும் நாற்பத்தைந்தாம் எண்ணில் ஒரு சொட்டு விழாது. எழுபத்தாறாம் வருடக் கோடையில் வானம் பொய்த்து, தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் கூடாதென்று உத்தரவு வந்தபோது, நாற்பத்தைந்தாம் எண் மௌரீன் பக்கத்து வீட்டுக் கூரைக் குழாயின் கீழ் வாளியை வைத்து அவரைச் செடிகளைக் காப்பாற்றினாள். காய் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் திமிர் ருசி என்று மட்டும் சொன்னாள். இறந்தவளை இப்படி நடமாடவிடுவது முறையா என்று கேட்க பாதிரியார் ஒருநாள் வந்தார். அவர் கிளாஸ்கோக்காரர். தேநீர் குடித்த வேகத்தில், பேரரசின் இரண்டாவது நகரம் என்று பெயரெடுத்தது எங்கள் கிளாஸ்கோ அல்லவா என்று ஆரம்பித்துவிட்டார். “பேரரசே போயிருச்சே ஐயா, இன்னும் என்ன ரெண்டாவது?” என்றாள் ஐவி. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சியில் நின்றது அந்த ஒரு நாள்தான். பாதிரியார் அதன்பிறகு ஞாயிறுகளில் வரவில்லை.

இப்படியே பல வருடம் ஓடியது. பிறகு லண்டனில் யாருக்கோ வேலை இல்லாமல் போய், இரண்டாவது நகரம் எது என்று ஒரேயடியாகத் தீர்த்துவைக்க ஒரு குழு போட்டார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எங்களுக்கு அவல் கிடைத்தது. எங்கள் ஊர் மண்டபத்தில் கடைசி விசாரணை, கடைசிப் பேச்சு நார்மனுடையது. மான்செஸ்டர் என்ன கேட்கும், அதற்கு என்ன பதில் என்று இத்தனை வருடம் சோற்றோடு பிசைந்து தின்ற ஆள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? தெருவே அவன் சட்டையில் பதக்கம் குத்தியது. கசாப்புக் கடை ரெஜ் நல்ல துண்டாக எடுத்துக் கொடுத்துக் காசு வாங்க மறுத்தான். பர்மிங்ஹாம்தான், ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

அந்த ஞாயிறு ஐவி வந்தபோது கோட்டில் தோள் மட்டும்தான் நனைந்திருந்தது. அடுத்த ஞாயிறு விளிம்பு மட்டும். மௌரீனின் வாளியில் தண்ணீரே இல்லை. நார்மன் கால்வாயை இழுத்துப் பார்த்தான், பட்டனை இழுத்துப் பார்த்தான். அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தபடி, “சரி, விடு” என்றாள்.

சண்டை போட்ட இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் கை சில்லிட்டபோதுகூட நார்மன் இவ்வளவு பயப்படவில்லை. அவள் போனபின் எழுந்துபோய் அவள் கோட்டு தொங்கிய சுவரைத் தடவினான். எப்போதும் பூசணம் பூத்திருக்கும் சுவர் காய்ந்து கிடந்தது. வழக்குத் தீர்ந்தால் வாதி எதற்கு வருவாள்? பர்மிங்ஹாம் ஜெயித்தால் ஐவி வரமாட்டாள், தோற்றாலும் வரமாட்டாள் என்று அவனுக்கு அப்போது விளங்கியது. அவனுக்கு அவள் வேண்டும்.

விசாரணையன்று மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நார்மன் எழுந்து முதலில் பர்மிங்ஹாமுக்காகப் பேசினான், நாங்கள் கைதட்டிக் கூரையைப் பிளந்தோம். உட்காருவான் என்று பார்த்தால், தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆனா எங்க வீட்டுல இதுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க” என்று தொடங்கி மான்செஸ்டருக்காகப் பேசினான். கப்பலைச் சொன்னான், பஞ்சைச் சொன்னான், கோயம்புத்தூரைக்கூட விடவில்லை. பிறகு அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. விளக்கு போடும் நேரமாகியும் அவன் நிறுத்தவில்லை. குழுத் தலைவருக்கு லண்டனுக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. “இரு தரப்பும் சம பலம், மேலும் ஆராய வேண்டும்” என்று எழுதிவிட்டுக் குழு கலைந்தது. அது மறுபடி கூடவே இல்லை.

சொந்தச் செலவில் ஊருக்குச் சூனியம் வைத்தவன் என்று எங்கள் தெரு நார்மனை ஏசியது. நானும் ஏசினேன். யாரோ அவன் ஜன்னலில் செங்கல்லை விட்டெறிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரெஜ் நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினான், நாங்கள் நாலு பேர் பின்னால் போனோம். நாற்பத்து மூன்றாம் எண்ணை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. மற்ற கூரைகளெல்லாம் வெயிலில் காய, அந்த ஒரு கூரைமேல் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மௌரீன் இரண்டு கையிலும் வாளியோடு நடுவில் நின்று, “ரெண்டு வாரமா ஒரு சொட்டு இல்லடா ரெஜ். இப்ப பாரு” என்றாள். ரெஜ் மழையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான். கதவு திறந்தது. தலை முதல் கால் வரை ஒழுகிக்கொண்டு ஐவி நின்றாள்.

“உள்ள வரதுன்னா காலத் தொடச்சிட்டு வாங்க” என்று எங்களிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். “எங்க ஊருக்காக நீ பேசுன லட்சணம் இருக்கே, நார்மன், வாத்துகூட நல்லாப் பேசியிருக்கும்! ஏன்யா, முதல் ரயிலு எங்க ஊருலதான் ஓடுச்சுன்னு சொல்லத் தோணலயா உனக்கு?”

நார்மன் கையில் கத்தியும் முள்கரண்டியுமாக நின்று அழுதான். அழுதுகொண்டே, “அது லிவர்பூலுக்கும் பாதி சொந்தம்” என்றான். ரெஜ் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பி நடந்தான். மறுநாள் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்ததும் அவன்தான்.

அதிலிருந்து எங்கள் தெருவில் ஒரு பழக்கம். வெளியூர்க்காரர் யாராவது வந்து, பர்மிங்ஹாம்தான் இரண்டாவது, இதில் என்ன சந்தேகம் என்று சொன்னால், “அப்படி ஒரேயடியாச் சொல்லிற முடியாதுங்க, மான்செஸ்டர் பக்கமும் நியாயம் இருக்கு” என்று ரெஜ்தான் முதலில் சொல்வான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

நார்மனும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டை ஜஸ்பீர் குடும்பம் வாங்கியது. சுவரில் கொஞ்சம் ஓதம் உண்டு என்று தரகர் சொல்லித்தான் விற்றார். ஞாயிறு மதியம் அவர்கள் ரொட்டியும் பருப்புமாக இரண்டு தட்டு அதிகம் வைக்கிறார்கள். ஒரு மணிக்கு ஐவியும் நார்மனும் சேர்ந்தே வருகிறார்கள், கோட்டுகளை அருகருகே மாட்டுகிறார்கள், வழக்கு தொடங்குகிறது. இப்போது நார்மனின் கோட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. இருவரும் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஐவி சிரித்தாள். வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது என்று நார்மன் சொன்னான்.