குயிலுக்கு முந்தி ஒரு வாய்

பாலில் ஊறிய கறுப்பு ரொட்டித் துணுக்கை மாமனாரின் உதட்டருகே கொண்டுபோனாள் மாரெட். எவால்ட் வாயை இறுக மூடிக்கொண்டார். அடம்பிடிக்கும் பிள்ளைகூட அவரிடம் தோற்றுவிடும்.

"ஒரே ஒரு வாய், மாமா. பொழுது விடியுது."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இன்னும் கலையவில்லை. கிணறு எங்கே, கொட்டில் எங்கே என்று தெரியவில்லை. பிர்ச் மரங்கள் மட்டும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. வசந்தம் வந்துவிட்டது. இந்த வருஷத்துக் குயில்தான் இன்னும் கூவவில்லை. அது கூவும்வரை, கண் விழித்ததும் எதையாவது வாயில் போட்டுக்கொள்ளாமல் அந்த ஊரில் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். வெறும் வயிற்றில் முதல் கூவலைக் கேட்டவரை அந்தப் பறவை ஏமாற்றிவிடும். அந்த வருஷம் எதுவும் கைகூடாது.

"என்னை ஏமாத்தி அதுக்கு என்னடி கெடைக்கப் போகுது?" எவால்டின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "நான்தான் கெளம்பிட்டேனே."

"அச்சானியமா பேசாதீங்க."

நேற்று வந்த நர்ஸும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள், இன்றோ நாளையோ என்று. கணவன் ஐனார் படகு வேலையில் இருக்கிறான். மதியத்துக்கு முன்னால் கரைக்கு வர வழியில்லை.

"நீ தின்னியா?" என்றார் எவால்ட்.

அவள் இன்னும் எதுவும் தின்னவில்லை. அவருக்கு மூச்சு இழுப்பதைக் கேட்டு, எழுந்தது எழுந்தபடி ஓடி வந்திருந்தாள். ஒரு கை தானாக வயிற்றின் மேல் போயிற்று. நாலாம் மாதம்.

போன வசந்தத்தில் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனபோது, வெறும் வயிற்றில் முதல் கூவலைக் கேட்டுவிட்டாள். வாளி கையிலிருந்து நழுவி விழுந்தது. இலையுதிர் காலத்தில் பிள்ளை தங்கவில்லை. ஐனாரிடம்கூடச் சொல்லாததைக் குளிர்காலத்தில் ஒருநாள் மாமனாரிடம் சொல்லி ஓவென்று அழுதாள்.  அவர் அடுப்பில் இன்னொரு விறகை வைத்தார், அவ்வளவுதான்.

"போன வருஷம் கூவினது குயில் இல்ல," என்றார் இப்போது.

"என்ன?"

"நான்தான். பிர்ச் மரத்துக்குப் பின்னாடி நின்னு கூவினேன். நீ வாளியைக் கீழ போட்ட பாரு, எனக்குச் சிரிப்பு தாங்கல."

மாரெட்டின் கை அப்படியே நின்றது. செய்யக்கூடிய ஆள்தான். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கூவி, பசியோடு எழுந்த மருமகளைப் பதறடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தவர். அவள் விளக்குமாற்றோடு துரத்தியிருக்கிறாள்.

ஆனால் போன வசந்தத்தில் அவர் இடுப்பெலும்பு முறிந்து நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். படகேறிப் போய் சூப் கொடுத்துவிட்டு வந்ததே அவள்தான். வாளி விழுந்த கதையும் அவள் சொன்னதுதான். சாகக் கிடக்கும்போதும் இப்படி வாய் கூசாமல் ஒரு பொய்யா! கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருடைய கண்களைப் பார்த்தாள். நம்பிவிட மாட்டாளா என்று அவை தவித்துக்கொண்டிருந்தன.

"அப்பவே நெனச்சேன்," என்றாள். "குயிலுக்கு ஏது அவ்வளவு கரகரப்பு?"

எவால்டின் முகம் தெளிந்தது. "கெழட்டுக் குயில்."

"வெக்கமா இல்ல, மாமா?"

"இல்ல. இப்பத் தின்னு. வரப்போறது நெசக் குயில். அதை என்னால அடக்க முடியாது."

அவருக்காக ஊறவைத்த துணுக்கை மாரெட் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.  அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மென்றுகொண்டிருக்கும்போதே, அவருடைய மூச்சு நீளமாகி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போயிற்று.

சதுப்புக் காட்டுப் பக்கமிருந்து, பனிக்குள்ளே, குயில் கூவியது.

"கேட்டீங்களா, மாமா? ஜெயிச்சுட்டேன்."

அவர் பார்வை அவள் வாயின் மேலேயே நின்றிருந்தது. மூச்சு இல்லை.

உயிர் வெளியேற ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். கண்களை மூடிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மாரெட் எதையும் செய்யவில்லை. ரொட்டியில் பெரிய துண்டாக வெட்டி, வெண்ணெயைக் கனமாகத் தடவினாள். குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கும்படி எதிரிலேயே உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழிய, முழுத் துண்டையும் தின்று முடித்தாள்.