முந்தின கல்

சவப்பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் டையை ஸ்டெபனி நேராக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து தம்பி றொனால்ட் கேட்டான்.

"அக்கா, ஆஸ்பத்திரியில அப்பாவைப் பாத்த டொக்டரின்ர பேர் என்ன? நன்றி சொல்ல வேணும்."

சொன்னாள். கைபேசியில் தட்டிக்கொண்டான்.

செய்தி கேட்டுக் கல்கரியிலிருந்து பறந்து வந்தவன். வந்த வேகத்தில் பளபளக்கும் பெட்டி, வெள்ளை லில்லி, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு என்று ஒரு குறையும் வைக்கவில்லை. தகப்பனை ராசா மாதிரி அனுப்புகிறான் பொடியன் என்று அங்கிள்மார் அவன் தோளைத் தட்டினார்கள். ஸ்டெபனியிடம், கோப்பி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

அப்பா அமிர்தநாதர் சுவாமியாராக வேண்டிக் குருமடத்தில் இலத்தீன் படித்தவர். பாதியில் விட்டுக் கலியாணம் கட்டி, கனடா வந்து, மிசிசாகாவில் விமானங்களுக்குப் பயணப்பெட்டி ஏற்றி, ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு அவருடைய குடித்தனம் ரோமர்களோடுதான். இடிந்த குளியல் மண்டபத்தையோ சந்தையையோ திருத்திக் கொடுத்த ஆளுநருக்கு ஊரார் நன்றி சொல்லி, இலத்தீனில் வெட்டி நட்ட கற்கள். கணினி முழுக்க அவற்றின் படங்கள். கண் மங்கியதும் ஸ்டெபனி படத்தைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக வாசித்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவர் கண்ணை மூடியபடி தமிழில் சொல்லுவார். முதுமையால் விழுந்ததை இன்னார் நிமிர்த்தினார்.

வேலை முடிந்து வந்து, குளிக்க வார்த்து, கஞ்சி பருக்கி, பிறகு இது. அவளுடைய மாலைகள் வருடக்கணக்கில் இப்படித்தான் போயின. வேறு யாரும் கதவைத் தட்டவில்லை.

ஒருநாள் கேட்டாள். "எல்லாம் திருத்தினவன்ர பேராக் கிடக்கு. முதல் கட்டினவன் ஆரப்பா?"

"அவன்ர பேர் முந்தின கல்லில இருந்திருக்கும், பிள்ளை. அதைப் புதுச் சுவருக்குள்ள வச்சுப் பூசியிருப்பினம்." சிரித்தார். "சுவர் நிக்குதுதானே."

அஞ்சலி தொடங்கியதும் பங்கு மண்டபத் தலைவர் ஜஸ்ரின் மைக்கைப் பிடித்தார். மண்டபத்துக் கூரையைத் திருத்த உதவிய கவுன்சிலர் வந்திருந்தார். எழும்பி நிற்கச் சொல்லி, கைதட்ட வைத்து, கூரை ஒழுகிய காலத்திலிருந்து தொடங்கினார் ஜஸ்ரின். அமிர்தநாதரின் பெயர் வர வெகுநேரம் ஆனது. ஸ்டெபனி பழக்கதோஷத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் விளிம்புதான் தெரிந்தது.

பிறகு றொனால்டின் நன்றியுரை.

டொக்டர். நேர்ஸ்மார். சுவாமியார். ஜஸ்ரின் அங்கிள். கவுன்சிலர்.

வீட்டு ஆட்களுக்கு மேடையில் நன்றி சொல்லும் வழக்கமில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மடியிலிருந்த கைப்பையைத் தரையில் வைத்தாள். பெயர் வந்தால் எழும்ப வேண்டுமா, இருந்தபடி தலையாட்டினால் போதுமா?

பூக்கடைக்காரர். சமையல் செய்தவர்கள். பனியிலும் காரோடி வந்தவர்கள்.

றொனால்டின் குரல் உடைந்தது. முன்வரிசையில் ஒரு அன்ரி விம்மினார். அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பெட்டியை மூடினார்கள்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் றொனால்ட் அவளுடைய காரில் முன்னால் ஏறினான். ஹீற்றரின் சூட்டுக்குக் கைகளை நீட்டினான்.

"அக்கா, நான் ஒருத்தரையும் விடேல்லைத்தானே?"

வைப்பர் ஒரு தரம் பனியை வழித்தது.

"இல்லை," என்றாள். "எல்லாரையும் சொன்னாய்."

அவன் மூச்சுவிட்டுச் சாய்ந்தான். பிறகு முழங்கால்களுக்கு முன்னால் கிடந்த வெறுமையைப் பார்த்தான். "உந்த சீற் ஏன் இவ்வளவு பின்னுக்குக் கிடக்கு?"

மடக்க முடியாத காலை நீட்டியபடி அப்பா கடைசியாக அதில் இருந்தது ஆஸ்பத்திரிக்குப் போனபோது.

ஸ்டெபனி தெருவைப் பார்த்தாள். பக்கத்தில் றொனால்ட் குனிந்து, அடியில் கைவிட்டுத் தடவி, கம்பியை இழுத்தான். இருக்கை முன்னால் வந்து, டக்கென்று பூட்டிக்கொண்டது.